பாட்டியார் தந்த பாடம்

கல்வியானது ஏட்டின் வழியாக வருவதும் செவியின் வழியாக வருவதும் என இருதிறப்படும். ஏட்டின் வழியாக வருவதனைப் பின்னொரு காலத்தும் தேடிக்கொள்ளலாம். செவியின் வழியாக வருவதோ, சொல்லுவார் உள்ள பொழுதே கொள்ளற்பாலது. நம் சித்தாந்த நூல்களும் ஞானத்தின் படிகளைக் கூறுமிடத்துக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் எனக் கேட்டலையே முதற்கண் வைத்தன. இந்நான்கினையும் திருமடத்துக் கல்லூரியில் விரல்விட்டு எண்ணி மனனஞ் செய்தவன் யான். ஆயினும் அவற்றுள் முதலாவதன் பொருளை எனக்கு உள்ளவாறு உணர்த்தியவர் எழுத்தறியாத என் பாட்டியாரேயாவர். அவரைக் குறித்துச் சில எழுதல் வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். 2017-ஆம் ஆண்டு ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னரும் அதனை நாளை நாளை எனக் கடத்தி வந்தேன். காரணம் யாதெனின், அவரைக் குறித்து எழுதப் புகுந்தால் என் குற்றம் ஒன்றனையும் எழுதவேண்டும். அதனை மறைப்பின் அவர் பெருமை விளங்காது. ஆதலின் இரண்டனையும் சேர்த்தே ஈண்டு எழுதுகின்றேன், அன்பர்கள் பொறுத்தருள்க.

பாட்டியார் என் தந்தையாரைப் பெற்றவர். எங்கள் பகுதியார் தந்தையின் தாயை அப்பாயி என்று அழைப்பர். அவர் பிறந்த நாளும் கோளும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அகவை யாதென்று வினவினால், "பெருவெள்ளம் வந்த ஆடியில் எனக்குப் பதினாறு முடிந்திருந்தது" என்பர். பெருவெள்ளம் என அவர் குறித்தது 1924-ஆம் ஆண்டு, இரத்தாட்சி வருடத்து ஆடி மாதத்திற் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த வெள்ளமாகும். அதனைக் கொண்டு கணக்கிடின் அவர் 1908-ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் ஆதல் வேண்டும். பிறந்த ஊர் கொள்ளிடக் கரையில் உள்ளது. புகுந்த ஊர் மயிலாடுதுறையினின்றும் புள்ளிருக்குவேளூருக்குச் செல்லும் வழியிலுள்ள எங்கள் சிற்றூர். மேட்டூரில் அணை கட்டி முடித்த 1934-ஆம் ஆண்டிற்குப் பின் பிறந்தவர்களை நோக்கி, "நீங்களெல்லாம் அடங்கின காவிரியைப் பார்த்தவர்கள், நான் அடங்காத கொள்ளிடத்தைப் பார்த்தவள்" என்று சொல்லி நகுவர்.

அவ்வாண்டுதான் அவருக்கு மணம் நிகழ்ந்தது. புதுமணப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டிற்கு அழைத்து வரும் வழக்கப்படி அவர் கொள்ளிடக் கரையில் இருந்தார். ஓர் அந்திப்பொழுதிற் கரை உடைந்து நீர் தெருவிற் புகுந்தது. பாட்டியாரின் தந்தையார் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிச் சென்றவர் இரவு திரும்பக்கூடவில்லை. தாயும் மகளும் பூசைப் பெட்டியையும் ஒரு பானை அரிசியையும் எடுத்துக்கொண்டு பரண்மேல் ஏறினர். கீழே நீர் உரலை மூடிற்று. பின்னர்ச் சுவரிலிருந்த அகல்மாடத்தை எட்டிற்று. விளக்கில்லை. அவ்விருளில் அவர் தாயார் மகளைத் தம் மடியிற் சாய்த்துக்கொண்டு கோளறு பதிகத்தை ஓதத் தொடங்கி, முடிந்தவுடன் மீண்டும் முதலிலிருந்து ஓதி, விடியுங்காறும் அவ்வாறே ஓதிக்கொண்டிருந்தார். "எத்தனை முறை என்று எண்ணவில்லை, தம்பி. விடிந்து தந்தையார் பரிசலில் வந்து கூப்பிட்டபோது பதினொரு பாட்டும் எனக்கு வந்துவிட்டன" என்று பாட்டியார் கூறுவர். அவர் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புதல் அரிது. அவருக்கு அவ்வோர் இரவே பள்ளிக்கூடம் ஆயிற்று. ஏனைய பதிகங்கள் சிலவற்றைக் கோயிலில் ஓதுவார் பாடுங்கால் தூண் மறைவில் நின்று கேட்டுக் கொண்டார்.

அப்பதிகம் தோன்றிய வரலாற்றை அவர் தம் போக்கிற் சொல்வது கேட்கத்தக்கது. பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்று ஆளுடைய பிள்ளையார் மதுரைக்குப் புறப்படுகின்றார். திருமறைக்காட்டில் உடனிருந்த அப்பரடிகள், நாளும் கோளும் நன்றாக இல்லை எனக் கவன்று தடுக்கின்றார். பிள்ளையார் இப்பதிகத்தை அருளிச்செய்கின்றார். யான் இதனை மாணாக்கர்க்குக் கூறும்போது இரண்டாந் திருமுறை என்றும், பியந்தைக் காந்தாரப் பண் என்றும் தொடங்குவேன். பாட்டியார் தொடங்கும் முறை வேறு. "வயதானவர் குழந்தைக்காகப் பயப்படுவது உலக வழக்கம். பயப்படாதே அப்பா என்று குழந்தை வயதானவருக்குச் சொன்ன பாட்டு இது" என்பர். அவ்வளவே அவர் கூறும் விரிவுரை. பின்னாளிற் பல உரைகள் கற்றும் இதனினும் சுருங்கச் சொல்ல எனக்கு இயலவில்லை.

அவர் விருப்பங்கள் மிகச் சிலவாகும். முதலாவது வீட்டின் பின்புறத்துப் பூந்தோட்டம். நந்தியாவட்டை, செவ்வரளி, தும்பை, ஒரு வில்வம், ஒரு பவளமல்லி ஆகியவை அதில் இருந்தன. விடியற்காலை நீராடித் திருநீறணிந்து, முன்னாளே நனைத்துவைத்த வாழைநாரைக் கிழித்து, பதிகம் ஓதிக்கொண்டே மாலை தொடுப்பர். பதிகத்தின் பதினொரு பாட்டும் முடிய ஒரு முழம் மாலை முடியும். ஏனைய மலர்களை நிலத்தில் விழுந்தபின் பூசைக்குக் கொள்ளார். பவளமல்லி ஒன்றனை மட்டும் நிலத்திலிருந்து பொறுக்குவர். அதன்பொருட்டு முதல்நாள் மாலையே மரத்தடியைச் சாணத்தால் மெழுகிவைப்பர்.

இரண்டாவது திருநீறு செய்தல். கற்பம், அனுகற்பம், உபகற்பம், அகற்பம் என்ற பாகுபாட்டை யான் நூலிற் படித்தேன். அப்பெயர்களை அறியாமலே பாட்டியார் முதல்வகையினைச் செய்தார். நோயில்லாத பசுவின் சாணம் நிலத்தில் விழுமுன் வாழையிலையில் ஏந்தி, உருண்டை பிடித்து, தை மாதத்து வெயிலில் உலர்த்துவர். மாசி மாதத்துச் சிவராத்திரியன்று நெற்பதரைக் குவித்து, அவ்வுருண்டைகளை நடுவே புதைத்துத் தீமூட்டுவர். அது தானே கனன்று தானே ஆறும்வரை ஒருவரும் கிளறலாகாது. ஆறியபின் வெண்மையாக வெந்தவற்றை மட்டும் எடுத்து, கருகிநின்றவற்றை விலக்கி, தூய துணியிற் சலித்துப் புதுப்பானையில் இடுவர். தெருவார் அனைவரும் அப்பானையிலிருந்தே ஆண்டு முழுதும் பெற்றுச்செல்வர். விலை சொன்னதில்லை.

மூன்றாவது ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக் கட்டத்துக் காவிரி நீராட்டு. அம்மாதம் முழுதும் நீராடுவார் பலர். வீட்டுப் பணியும் நாற்றங்கால் வேலையும் விடாமையாற் பாட்டியார்க்கு அம்மாதத்தில் ஒரு நாளும் வாய்ப்பதில்லை. ஆதலிற் கார்த்திகை முதல் நாளாகிய முடவன் முழுக்குக்கே செல்வர். நடக்கமாட்டாத முடவன் ஒருவன் ஐப்பசி கடந்தபின் வந்து வருந்தி நின்றானாக, இறைவன் அவன்பொருட்டு ஒருநாளைக் கூட்டிக் கொடுத்தான் என்பது அத்தலத்து வழக்கு. "எனக்காகவும்தான் அந்த ஒரு நாள்" என்று சொல்லிப் புறப்படுவர்.

இவ்வளவும் அமைதியான வாழ்வாகத் தோன்றும். அவர் தாங்கிய துன்பமும் உண்டு. என் தந்தையாருக்கு இளையவராக ஓர் ஆண்மகவு இருந்தது. யான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன், ஊரில் வாந்திபேதி பரவியபோது அப்பிள்ளை ஒன்பதாம் அகவையில் அந்நோய்க்கு ஆளாயிற்று. இருநாள் இரவும் பாட்டியார் அருகிருந்து கோளறு பதிகம் ஓதினார். ஓதச் சொன்னதும் அப்பிள்ளையே. மூன்றாம் நாள் காலையில் அது இறந்தது. பதினாறாம் நாள் கழிந்த மறுவிடியலிற் பாட்டியார் வழக்கம்போல் வாழைநாரைக் கிழித்துக்கொண்டு அப்பதிகத்தையே ஓதினார். கேட்ட அயல்வீட்டு அம்மையார் ஒருவர் மனம் பொறாது, "கோள் ஒன்றும் செய்யாது என்று பாடினீர்களே, என்ன கண்டீர்கள்? இன்னுமா அதைப் பாடுகிறீர்கள்?" என்று வினவினாராம். பாட்டியார், "நான் கூலிக்குப் பாடவில்லையே அம்மா" என்று மட்டும் கூறி அடுத்த பாட்டைத் தொடங்கினார். இச்செய்தியை அவர் எனக்குச் சொன்னதில்லை. என் தந்தையார் சொல்ல அறிந்தேன். நுகர்வினை உடலூழாய் வந்து கழியும் என்பதும், அன்பு பயன் கருதாதென்பதும் நாம் மேடையில் எளிதிற் கூறுவன. மகவை இழந்த பதினேழாம் நாள் அவற்றைக் கூறல் எளிதன்று.

இனி என் குற்றத்தைக் கூறுவேன். 1975-ஆம் ஆண்டு என் பதினாறாம் அகவையில் தருமபுரத் திருமடத்தைச் சார்ந்த கல்லூரியிற் சேர்ந்து தமிழும் சித்தாந்தமும் கற்கத் தொடங்கினேன். ஓராண்டு கற்றவுடன் உலகிலுள்ள பிழையெல்லாம் என் கண்ணுக்குத் தெரியலாயின. 1976-ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு வீடு வந்த மறுநாட் காலை, பாட்டியார் மாலை தொடுத்துக்கொண்டு ஓதுவதைக் கேட்டேன். பிறந்தது முதற் கேட்ட பதிகம். அன்றுதான் அதில் ஒரு சொல் அச்சிட்ட நூலிலுள்ள சொல்லின் வேறாயிருத்தல் என் செவியிற் பட்டது. அச்சொல் எது என்பதை ஈண்டு எழுதேன். எழுதினாற் பிழையை அச்சேற்றியவன் ஆவேன்.

"அப்பாயி, நிறுத்துங்கள். அந்தச் சொல் தவறு" என்றேன். நூலைக் கொணர்ந்து அவ்வடியைப் படித்தும் காட்டினேன். கையில் மலர் அப்படியே நிற்க, அவர் என்னை நோக்கி, "அப்படியா தம்பி! ஐம்பது வருஷமாகத் தவறாகவா பாடிக்கொண்டிருந்தேன்?" என்றார். யான் அவ்வளவில் நின்றிருக்கலாம். புதுக்கல்வியின் செருக்கு விடவில்லை. "ஆம். பொருளே மாறிப்போகிறது. தவறாகப் பாடுவதைவிடப் பாடாமலிருப்பது நல்லது" என்று கூறிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சிய மலர்களைத் தொடுத்து முடித்தார். அன்று அம்மாலை பதிகமின்றியே முடிந்தது.

பொங்கலுக்கு யான் வீடு வந்தபோது என் தந்தையார், "அம்மா இப்பொழுதெல்லாம் விடியற்காலையிற் பாடுவதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது" என்றார். யான் சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்கு உணவு செல்லவில்லை. பாட்டியாரின் எதிரில் நின்று அதனைப் பேசும் துணிவும் வரவில்லை. அவ்வாறே கல்லூரிக்குத் திரும்பினேன்.

எமக்குத் திருமுறை பாடஞ் சொன்ன ஆசிரியரிடம் ஒருநாள் தனித்திருந்தபோது நிகழ்ந்ததை உரைத்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "பாடத்தைத் திருத்தினாய்; அது குற்றமன்று. மூலத்தைக் காத்தல் நம் கடமை. பாடாதிருத்தல் நன்று என்றாயே, அதனை எந்த ஆசிரியர் உனக்குப் பாடஞ் சொன்னார்?" என்று வினவினார். யான் தலைகுனிந்து நின்றேன். பின் அவர் திருமுறை கண்ட வரலாற்றை எடுத்துரைத்தார். மன்னரும் நம்பியாண்டார் நம்பிகளும் தில்லையிற் செல்லரித்த சுவடிகளைக் கண்டெடுத்தனர்; ஆயினும் பண் இன்னதென்பது ஏட்டில் இல்லை. அதனை அறியத் திருவெருக்கத்தம்புலியூர் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டு, அவர் வாயிலாகவே பண்முறை வகுக்கப்பெற்றது எனப் புராணம் கூறும். "சொல்லை ஏடு காத்தது, பண்ணை ஒரு பெண்மணியின் நா காத்தது. நீ தொட்டிலிற் கிடந்தபோது உனக்கு இப்பதிகத்தைத் தந்தது எந்த அச்சகம்? போய் அந்த அம்மையாரின் காலில் விழு. ஓதச் சொல்லிக் கேள்" என்றார்.

அடுத்த கோடை விடுமுறையில், 1977-ஆம் ஆண்டு சித்திரையில், ஊர் வந்தவுடன் பாட்டியார் தொழுவத்தில் இருப்பதறிந்து அங்கே சென்றேன். வாயிலருகே சென்றபோது மெல்லிய குரலிற் பதிகம் கேட்டது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். யான் காலில் விழுந்து, "நான் சொன்னது பெரும்பிழை. எப்பொழுதும்போல் பாடுங்கள், அப்பாயி" என்றேன்.

அவர் என்னை எழுப்பி வைக்கோற் கட்டின்மேல் இருத்தினார். "நீ சொன்னதில் பிழை என்ன இருக்கிறது? சுவாமியின் பாட்டைத் தவறாகச் சொல்லலாமா?" என்று தொடங்கி, அவர் சொன்ன செய்தியைக் கேட்டு யான் திகைத்துப்போனேன். யான் வீட்டில் விட்டுச்சென்ற நூலை எதிர்வீட்டுச் சிறுமியிடம் கொடுத்து, நாள்தோறும் பிற்பகலில் அவள் ஒவ்வோரடியாகப் படிக்கத் தாம் ஒவ்வோரடியாக ஒப்பிட்டு வந்திருக்கின்றார். அச்சிறுமி அப்போது ஐந்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தாள். அவள் துணையால் எழுத்துக்களையும் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார். "நீ ஒன்றுதான் சொன்னாய். பார்த்தால் மூன்று இருந்தன, தம்பி" என்றார். பழகிய நாவைத் திருத்தும்வரை பிறர் செவியிற் படலாகாதெனத் தொழுவத்தில் ஓதிப் பழகிவந்தார்.

"இந்த வயதில் எழுத்தா, அப்பாயி?" என்றேன். "முடவனுக்காக ஒரு நாள் காத்திருந்தவர் எனக்காக ஒரு வருஷம் காத்திருக்கமாட்டாரா?" என்றார்.

பின்னர்க் குரலைத் தாழ்த்தி, "இரண்டைத் திருத்திவிட்டேன். மூன்றாவது மட்டும் நாவுக்கு வரமாட்டேன் என்கிறது. நீ சொன்னாயே, அதே சொல்தான். புத்தகத்தில் இருப்பது தெரியும். இப்பொழுது என் கண்ணாலேயே படித்தேன். ஆனாலும் பாடும்போது அம்மா பரண்மேல் பாடிய சொல்தான் வருகிறது. அதை மாற்றினால் அந்த இரவே எனக்கு மறந்துபோகும் போல் இருக்கிறது. அது ஒன்றைச் சுவாமி எப்படிக் கேட்டுக்கொள்கிறாரோ கேட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

மறுநாள் விடியலில் யான் அவர் அருகமர்ந்து வாழைநாரைக் கிழித்துக் கொடுக்க, இருவரும் சேர்ந்து ஓதினோம். அவ்வோரிடத்து மட்டும் அவர் வாயில் ஒரு சொல்லும் என் வாயில் ஒரு சொல்லும் வந்தன. அவர் என்னைப் பார்த்து நகைத்தார், யானும் நகைத்தேன். உள்ளே தந்தையார் எழுந்து வந்து வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் நாகப்பட்டினத்தருகே கரைகடந்த புயலில் எங்கள் பவளமல்லி வேரோடு சாய்ந்தது. பாட்டியார் அதன் கீழ் முளைத்திருந்த கன்றொன்றைப் பெயர்த்து அவ்விடத்திலேயே நட்டார். அதன்பின் எட்டாண்டுகள் தம் பணிகளைக் குறைவின்றிச் செய்தார். 1986-ஆம் ஆண்டு மாசியில் உடல் தளர்ந்தமையால் திண்ணையிற் சாய்ந்தபடி அவர் சொல்லச்சொல்ல, சிவராத்திரித் தீயை யான் மூட்டினேன். கிளறலாமா என்று நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் கையசைத்துத் தடுத்தார். பங்குனியில் இறைவன் திருவடி அடைந்தார். அவர் நெற்றியில் அணிவித்தது அப்பானையிலிருந்த திருநீறே.

மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலக்கழிவு பெற்றார் அடியாரொடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே தொழுவர் என முடித்தருளினார். அதற்குச் சிவஞான முனிவர் வகுத்த சிற்றுரையை யான் முப்பத்தைந்து ஆண்டுகள் மாணாக்கர்க்கு விரித்துரைத்தேன். விரிக்குந்தோறும் என் வீட்டில் இருந்த அடியாரை ஓராண்டு வாய்மூடச் செய்தவன் யான் என்னும் நினைவு எழாமற் போனதில்லை. அந்நினைவினால் எனக்கு ஒரு நன்மை உண்டாயிற்று. வகுப்பிற் பிழைபட ஓதிய எம்மாணாக்கனையும் நிறுத்து என்று யான் சொன்னதில்லை. முழுதும் ஓதவிட்டு, நன்றாக ஓதினாய் என்று கூறியபின்னரே திருத்தினேன்.

இனி ஒன்று கூறி முடிப்பேன். பாட்டியார் நட்ட பவளமல்லி இன்றும் பூக்கின்றது. என் பெயர்த்திக்கு அகவை ஏழு. விடியலில் அதன் மலரைப் பொறுக்கிக் கொணர்ந்து என்னருகே அமர்வாள். யான் ஓதுவேன், அவளும் உடன் ஓதுவாள். சென்ற மார்கழியில் ஒருநாள் அவள் தனியே ஓதக் கேட்டேன். குறித்த இடத்தில் அவள் வாயில் வந்தது நூலிலுள்ள சொல் அன்று. பரண்மேற் பிறந்த சொல். யான் தனித்து ஓதுங்கால் என் நாவும் அதனையே சொல்லி வந்திருக்கின்றது என்பதை அன்றுதான் அறிந்தேன். ஊரார்க்கெல்லாம் திருத்தமான பாடம் சொன்னவன் வீட்டிற்குத் திருத்தாத பாடத்தைத் தந்திருக்கின்றேன்.

பதினொரு பாட்டும் முடியும்வரை பொறுத்திருந்தேன். பின்பு நூலைத் திறந்து அவ்வடியைக் காட்டி, "பிள்ளையார் அருளிய சொல் இது; இப்படியே ஓதவேண்டும்" என்றேன். "அப்படியானால் நீங்கள் சொல்வது யாருடைய சொல், தாத்தா?" என்று கேட்டாள். கொள்ளிடத்து வெள்ளத்தையும், பரணையும், இருளில் ஓதிய தாயையும், அம்மடியிற் கிடந்து கேட்ட பெண்ணையும் அவளுக்குச் சொன்னேன். அவள் இப்பொழுது நூலிலுள்ளவாறே ஓதுகின்றாள். அவ்விடம் வரும்போது மட்டும் என் வாயைப் பார்க்கின்றாள்.

திருச்சிற்றம்பலம்.